ஐந்தாவது உரிமையாளர்

என் மனைவி நடீனுக்குத் தெரியாமல் வாழ்க்கையில் ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று அறுபத்து நான்காவது வயதில் சபதம் எடுத்தேன். சின்னக் காரியம் இல்லை. கார் வாங்கினேன்.

அறுபத்தொன்பதாம் வருடத்து பான்டியாக். எங்கள் ஊர் ரேஸ் பாதையில் கால் மைல் தூரத்தைப் பன்னிரண்டு விநாடியில் தாண்டிய கார். பதினாறு வயதில் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். ஒரு வாரம் காது அடைத்திருந்தது. ஒரே ஒரு தடவை அதே பாதையில் அதை நான் ஓட்ட வேண்டும். நாற்பத்தெட்டு வருட ஏக்கம்.

அதன் பூர்வீகத்தை விசாரித்தேன். எனக்கு முன்னால் நான்கு உரிமையாளர்கள். எதிரில் நின்ற கார்கள் எதுவும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள்தான் தோற்கடித்தார்கள். அன்று ரேஸ் ஓட்டிய முதலாமவர் ஃபாரெலுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும், இரண்டு தொட்டிலையும் இதில் எங்கே வைப்பது என்று மனைவி கேட்டாள். கார் போயிற்று. அடுத்தவனுக்குக் கல்யாண நிபந்தனையே காரை விற்பதுதான். மூன்றாமவர் பாதிரியார். சர்ச் மணிக்கு முன்னால் உங்கள் சைலன்சர்தான் ஊரை எழுப்புகிறது என்றார் வீட்டம்மா. நான்காமவன் எனக்கு விற்றபோது கண் கலங்கினான். அவன் மனைவி சந்தோஷத்தில் எனக்கு கேக் வெட்டிக் கொடுத்தாள்.

நான் அவர்களைப் போல ஏமாளியா? காரின் உரிமைப் பத்திரத்தின் பின்பக்கம் விற்றவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வாங்குபவர் பெயரை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். பெயர் எழுதினால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் வீட்டுக்குத் தபால் வரும். எங்கள் வீட்டுத் தபால் பெட்டி நடீனின் ஆட்சிக்கு உட்பட்டது. காலியாக விடுவது சட்டப்படி தப்புதான். ஆனால் எங்கள் இண்டியானா மாநிலத்தில் பல ஆண்கள் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

“யாரோட காருங்க இது?” என்றாள் நடீன், எங்கள் கராஜில் அதைப் பார்த்து.

“பக்கத்து வீட்டு வெண்டெலோடது. அவன் ஷெட் ஒழுகுதாம்.”

“ஐயோ பாவம். உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியே?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப எதுக்குத் தடவிக் குடுக்கிறீங்க?”

“தூசி.”

நம்பிவிட்டாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. ரேஸ் பாதையில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டலாம் என்ற நாள். மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கராஜைத் திறந்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஹெல்மெட்டோடு நடீன்.

“ஏய், அது வெண்டெலோட கார்!”

“அவன்கிட்ட கேட்டேன். எனக்கு ஏதும்மா காருன்னு முழிச்சான். நீங்களும் சம்பந்தம் இல்லன்னு சத்தியம் பண்ணிட்டீங்க. பத்திரம் உங்க தூண்டில் பெட்டியில கெடந்துச்சு. பேரு இல்ல. அநாதையா இருக்கேன்னு எழுதிட்டேன்.”

“யார் பேரை?”

பதிவுச் சீட்டை நீட்டினாள். சுத்தமாக, முத்து முத்தாக அச்சாகியிருந்தது அவள் பெயர்.

கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். “வித்துடாதே நடீன். பதினாறு வயசுல வேலிக்கு வெளிய நின்னு...”

“வேலிக் கதைய நூறு தடவை கேட்டாச்சு. நேரா கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

சொல்லியிருப்பாள். ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

“நான் எதுக்கு விக்கணும்? வித்துடுன்னு நச்சரிக்க எனக்கென்ன பொண்டாட்டியா இருக்கா? ஏறுங்க. முதல் ஓட்டம் எனக்கு. ஒழுங்கா இருந்தா ரெண்டாவது உங்களுக்கு.”

ஏறி உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கியர் போட வேண்டும், விடுங்கள் என்றாள்.

ரேஸ் பாதை வாசலில் இருந்தவர் அவள் மணிக்கட்டில் ஓட்டுநர் பட்டையைக் கட்டிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவரு யாரும்மா?”

“இவரா? காரோட வந்தவரு.”