கேட்டதுபோல் தலையாட்டுகிறவர்

காது கேட்காதவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் கௌரவமானவர்கள், "என்ன சொன்னீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார்கள். நான் சொல்லவந்தது, கேட்காமலே கேட்டதுபோல் தலையாட்டும் இனத்தைப் பற்றி. இவரிடம் எதைச் சொன்னாலும் முகம் மலர்வார், புருவத்தை உயர்த்துவார், "சரி சரி" என்பார், எதிராளி சிரித்தால் கொஞ்சம் தள்ளித் தானும் சிரிப்பார், சிரிக்காவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பார்.

அப்படி ஒரு மேனேஜர். காது மந்தம் என்று ஒப்புக்கொண்டால் வயதாகிவிட்டது என்றாகிவிடாதா? ஆகவே ஊரே வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிறது என்று முடிவுகட்டியிருந்தார்.

ஒருநாள் கேஷியர் அவர் மேசைமுன் தலைகுனிந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்:

"சார், அப்பா தவறிட்டாரு. நாலு நாள் லீவு வேணும்."

"சரி சரி, ரொம்ப சந்தோஷம்! ஸ்வீட் எங்கய்யா?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. விஷயம் வீடுவரை போயிற்று. மறுநாளே மகள் அவரைக் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. கேஷியரை நினைத்தா? அதுதான் இல்லை. பரிசோதனையில் பெயிலாகிவிடுவோமோ என்று!

கண்ணாடி ஜன்னல் வைத்த குட்டி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் பரிசோதிக்கும் அம்மாள்.

"சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க."

தலையாட்டினார். கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மாளின் கை அசைந்தபோதெல்லாம் அமுக்கினார். அசையாதபோதும், மார்க் கூட வந்தால் கெட்டா போகும் என்று நடுநடுவே அமுக்கி வைத்தார். அந்த அம்மாள் எழுந்து வந்து ஹெட்போனைக் கழற்றி, காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்:

"சார், நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணல. மேசையத்தான் தொடச்சிட்டிருந்தேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஒழுங்காகச் சோதித்து, இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தி அனுப்பினார்கள். முதல் வேலையாகக் கேஷியர் வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் மேனேஜர்.

"மன்னிச்சிடுய்யா. எனக்குக் காது கேக்கலன்னு எனக்கே தெரியாது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எத்தனையோ தடவ சொன்னோம் சார்," என்றார் கேஷியர். "ஒவ்வொரு தடவையும் சரி சரின்னீங்க."

அது மட்டும் கணீரென்று கேட்டுத் தொலைத்தது. மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உங்களுக்கென்ன, பாம்புச் செவி! ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அடுத்த அறையிலிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டினீர்கள். எதற்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்று எழுந்துபோய் விசாரித்துக்கொள்வது நல்லது.