மீன்பாடி அண்ணன் போட்ட கையெழுத்து

பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கிலேயே தினமும் தவறாமல் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்த ஒரே தகப்பன் மீன்பாடி அண்ணன்தான். தனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மீன்பாடி என்கிற மூன்று சக்கர பார வண்டியில் பீரோ, சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குவது அவர் தொழில். மகள் செல்வி இரண்டாம் வகுப்பு. 'பிள்ளை படிப்பதை வீட்டில் தினமும் பத்து நிமிடம் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள்' என்று டீச்சர் ஒரு நோட்டுக் கொடுத்தனுப்பினார். மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஏழு கையெழுத்து. அண்ணன் அப்படியல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்து, சட்டை மாட்டி, வராந்தாவில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். செல்வி திக்கினால் ஒரு கண் திறக்கும்.

"நின்ன பாரு, அங்க தப்பு. திருப்பிப் படி."

முடிந்ததும் நோட்டில் ஒரு மீன் வரைவார். அதுதான் கையெழுத்து. நன்றாகப் படித்த நாளில் மீனுக்குச் செதிலும் உண்டு.

எதிர்வீட்டு அக்கா கத்துவார். "யோவ் மீன்பாடி, சீரியல் பாக்க வுட மாட்டியா?"

"உன் சீரியல்ல இன்னாக்கா கீது? இங்க முயலு ஷேர் ஆட்டோல தாம்பரம் போய்க்கினு கீது. கம்முனு கேளு!"

அந்த முயல் சீட்டுக்குச் சண்டை போட்டது. மேடவாக்கத்தில் டிராபிக்கில் மாட்டியது. மாதக்கணக்கில் தாம்பரம் போய்ச் சேரவே இல்லை. செல்வி திக்குவதும் நின்றுபோனது. நோட்டில் மீன்கள் மீசையெல்லாம் வைத்துக் கொழுத்தன. அக்காவே சீரியலை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒருநாள் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். பாடம் மழைநீரைப் பற்றியது. முயலே இல்லை. செல்வி என்னை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் அவசரமாக முயலை ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கை அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என் அப்பா என் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. கண்ணை மூடி ரசிக்கிற ஒரு அப்பாவிடம் போய் இதைச் சொல்ல மனம் வரவில்லை. தப்புதான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். செல்விக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லையாம். திரும்பி வந்தவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. நோட்டைப் புரட்டி மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்ணா."

"செல்விக்கும் தெரியும். உனுக்கும் தெரியும்." நோட்டை மூடிவைத்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு, குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, மேல்மாடியில் என் வீட்டு வாசலில் செல்வியைக் கொண்டுவந்து விட்டார். "இனிமே நீ கேளு தம்பி. நான் கேட்டா புள்ள படிப்பு கெட்டுப்பூடும்." பாதிப் படி இறங்கிப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

இப்போது செல்வி விரல் வைத்து, மெதுவாக, நிஜமாகவே படிக்கிறாள். எத்தனை முறை கூப்பிட்டும் அண்ணன் அந்தப் பாதிப் படியை விட்டு மேலே வருவதில்லை. அதனால் நான் கதவைச் சாத்துவதில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா, செல்வி" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.