ஃபினிஷிங் ஹாலில் பச்சை விளக்கு

'படார்' என்று கதவு சுவரில் மோதியது. கம்ப்யூட்டர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாகேந்திரன் பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

வாசலில் மேனேஜர் ஜியாவுல்லா. பக்கத்தில், இத்தாலிக் கம்பெனிக்காகச் சரக்கு வாங்கும் ஏஜென்ட் ராஜகோபால்.

"ஃபினிஷிங் ஹால்ல வைஃபை இல்ல! மதியம் இத்தாலிக்காரர் வீடியோல சரக்கு பாக்கணும். வரலேன்னா, இன்னியோட நீ வீட்டுக்குப் போய்டு!" என்று கத்தினார் மேனேஜர்.

ஃபாக்டரியின் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் நாகேந்திரன் பொறுப்பு. ஆம்பூர் தோல் ஃபாக்டரியில் சேர்ந்து மூன்றே மாதம். பெண் வீட்டாரிடம் 'பர்மனென்ட்' என்று சொல்லியாகிவிட்டது. குடியாத்தத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது.

ஹாலுக்கு ஓடினான். அந்தத் தகரக் கூரைக்குள் செல்போன் சிக்னலும் வராது. ஏணி போட்டு ஏறினான். உத்தரத்தில் இருந்த வைஃபை பெட்டியில் விளக்கே எரியவில்லை.

அடாப்டரை மாற்றினான். எரியவில்லை. கரண்டும் நெட்டும் சேர்ந்து வரும் கேபிளை மாற்றினான். அது சரியாக உட்காராமல் நழுவியது, அழுத்திச் சொருகினான். எரியவில்லை.

கீழே பக்ருன்னிசா பழுப்புத் தோலின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தோல் முழுக்கத் தேமல்போலத் திட்டுகள். அதைப் பார்க்க அவனுக்கு ஏது நேரம்?

"இன்னா தம்பி, அத்தோட மல்லுக்கட்டினுகீற? பேஜார் வுடு, எறங்கு."

"எறங்குனா என் கல்யாணமே எறங்கிடும்க்கா!"

நெட் மெயின் பெட்டிக்கு ஓடினான். பதற்றத்தில் தப்பான கேபிளைப் பிடுங்கினான். ஆபீஸ் நெட் போனது. கேட்டில் விரல் வைக்கும் மெஷின் செத்தது. சாப்பாட்டுக்குக் கிளம்பியவர்கள் வரிசையில் நின்று கூச்சல் போட்டார்கள்.

மேனேஜர் அறைக்குப் போனான். அவர் தனியாக இருந்தார்.

"சார்... மொத்த ஃபாக்டரியும் போய்டுச்சு."

ஜியாவுல்லா அவன் தோளில் கை வைத்தார். "பரவால்லப்பா. மெதுவா பாரு. நாளைக்குக்கூட பாத்துக்கலாம்."

நாகேந்திரன் அந்தக் கையைப் பார்த்தான். போன மாதம் ஸ்டோரில் இருந்த ஜெஸ்டனை வேலையை விட்டு அனுப்பியபோதும் இதே இனிப்பான குரல். தோளில் இதே கை!

பிடுங்கிய கேபிளைத் திரும்பச் சொருகிவிட்டு ஹாலுக்குப் பறந்தான். வைஃபை பெட்டியையே கழற்றி, கேபிள் துவாரத்துக்குள் டார்ச் அடித்தான். உள்ளே பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. நோண்டி எடுத்தான். நகத்தளவு தோல் துண்டு.

"எலி வேலை!"

கேபிள் 'டக்'கென்று உட்கார்ந்தது. பச்சை விளக்கு!

"வந்துட்ச்சு சார்!" என்று அலறினான்.

அப்போதுதான் மேனேஜரும் ஏஜென்டும் உள்ளே வந்தார்கள். ராஜகோபாலின் கையிலிருந்த டேப்லெட் மணியடித்தது. திரையில் இத்தாலிக்காரர் சிரித்தார். ராஜகோபால் உற்சாகமாகக் கேமராவைத் தோல் குவியல் பக்கம் திருப்பினார். இத்தாலிக்காரரின் சிரிப்பு நின்றது.

ஜியாவுல்லாவின் கண்கள் கலங்கின. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்த நாகேந்திரன் ஏணியிலிருந்தே கும்பிட்டான்.

பக்ருன்னிசா அவன் பேன்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அட பாவி! சாயம் புடிக்காம தோலு மொத்தமும் கெட்டுப்போச்சு, இத்தாலிக்காரன் கண்ல படக்கூடாதுன்னு, காலைல சாரேதான் எங்கிட்ட துண்டு வெட்டி வாங்கினு இதே ஏணில ஏறி சொருகினாரு, யாராண்டயும் சொல்லாதன்னாரு... அத்த ஏன் தம்பி எடுத்த?"