டிரினிடாட் அம்மாவும் எண்ணெய் தேய்த்த கிடாவும்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்து போனது எத்தனை தடவை என்று கருப்பனாருக்குத்தான் தெரியும். சாமி விஷயம். அதில் சிரிப்பு வேறு கலந்து கிடக்கிறது. எழுதினால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் என் மச்சினன் சின்ராசு சொல்லிக்கொண்டு திரிவதே உண்மையாகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் இரண்டாவது பயம் ஜெயித்துவிட்டது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கொல்லிமலையில் எடப்புளி நாடு. (சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம்.) மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. ஊருக்கு மேலே பாறையடியில் எங்கள் பங்காளிகளின் கருப்பனார் கோயில் இருக்கிறது. கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடக்கூடாது. ஒரு கல், நாலு வேல், பக்கத்தில் ஒரு சுனை. அவ்வளவுதான். அந்தக் கல்லைத் தேடிக்கொண்டு டிரினிடாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார்.

டிரினிடாட் எந்தத் திக்கில் இருக்கிறது என்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது. காலேஜில் படிக்கும் என் மகள் பூங்கொடிதான் போனில் படம் காட்டினாள். அமெரிக்கா பக்கத்துக் கடலில் கடுகு சிதறின மாதிரி கிடக்கும் தீவுகளில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கென்று நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள். அப்படிப் போன ஒருவரின் வம்சம் இந்த அம்மா. பெயர் ஷர்லி, பின்னால் வீராசாமி. அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற டீச்சர்.

அவரைக் கூட்டிவர அடிவாரத்துக்கு அனுப்பியது சின்ராசுவை. மலையிலேயே பிறந்த பையன் அவன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, ஜன்னலுக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். கடல் கடந்து வந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார்!

"கப்பலேறுன ரத்தமுங்க. பஸ்ஸுக்கா அசரும்?" என்றேன் நான். எனக்கு அப்போதே பெருமை தொடங்கிவிட்டது. (பெருமைதான் என்னைக் கவிழ்த்தது, சொல்கிறேன்.)

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் வீட்டில் யாருக்குமே தெரியாதாம். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பூஜை போடும்போது ஒரு வரி மட்டும் பாடுவார்களாம். அர்த்தம் கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் பூசாரி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பாடிக் காட்டினார்.

"கொல்லிமலைக் கருப்பா, கூட வா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு சட்டி பானையைக்கூட எடுத்துப்போக வழியில்லாதவர், சாமியைக் கூடக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் சாமியும் கப்பலேறிப் போய், பேரன் பேத்திகள் தமிழை மறந்த பிறகும் அவர்கள் வாயில் குடியிருக்கிறது. இதைவிட எங்கள் மலைக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஆனால் பூசாரி தாடியைச் சொறிந்தார். "கண்ணு பூங்கொடி, அந்தம்மாகிட்டச் சொல்லு. மெட்டு நம்முளுதாட்டத்தான் இருக்குது. ஆனா இந்த மலைல ஊருக்கு ஒரு கருப்பனாரு இருக்கறாரு. இவிங்க எந்தக் கருப்பனாரு கூட்டம்னு நானெப்படிச் சொல்றது? சாமியவே கேட்டுப்போடலாம்."

சாமியைக் கேட்பதென்றால், கிடாவுக்கு மாலை போட்டுத் தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வெட்டிப் பொங்கல் வைப்போம். சிலுப்பாவிட்டால் உத்தரவில்லை.

"சிலுப்பலைன்னா?" என்று அந்த அம்மா கேட்டதாகப் பூங்கொடி சொன்னாள்.

"வேற கோயலுதான் பாக்கோணும்."

அந்த அம்மா அதற்குச் சொன்னதை மகள் மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் ஊருக்குக் கெளம்பறாங்களாம்ப்பா. அடிவாரத்துல பேளுக்குறிச்சிப் பக்கமெல்லாம் சுத்திக் கேட்டாச்சாம், யாருக்கும் தெரியலையாம். தம்பி ஒருத்தர் கனடா போயிட்டாராம், தங்கச்சி லண்டனாம். எங்க ஊட்டு ஆளுக போய்க்கிட்டேதான் இருக்கறோம், எங்கிருந்து கெளம்புனோம்னு மட்டும் பாத்துட்டாப் போதும்னு சொல்றாங்க. இன்னொரு தடவை வர்றதுக்கு ஒடம்புல தெம்பு இருக்குமான்னு தெரியலையாம்."

"கிடா என்னுது. சிலுப்பாம எங்க போயிரும்?" என்று நெஞ்சைத் தட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் கிடாவைக் குளிப்பாட்டினேன். தை மாதக் குளிர் என்பதால் வெந்நீரில். (சிரிக்காதீர்கள்.) சீயக்காய் போட்டுத் தேய்த்து, அடுப்போரம் கட்டிக் காயவைத்தேன். அப்புறமும் மனம் அடங்கவில்லை. கறுப்புக் கிடா கண்ணாடி மாதிரி மின்ன வேண்டாமா? தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துத் தலையிலிருந்து வால் வரைக்கும் தேய்த்தேன்.

என் வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, கோயலுக்குக் கூட்டிப் போறீங்களா, பொண்ணுப் பாக்கக் கூட்டிப் போறீங்களா?"

"அத்தன தூரம் தாண்டி வந்திருக்கறாங்க. எடப்புளி நாட்டுக் கிடான்னா எப்படி இருக்கும்னு பாக்கட்டும்."

"என்னையக் கட்டுன நாள்லருந்து என்ற தலைக்கு ஒரு சொட்டு வெச்சு உட்டிருப்பீங்களா?"

நான் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, கிடாவைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடையைக் கட்டினேன்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. அந்த அம்மா மஞ்சள் சேலை கட்டிக் கைகூப்பி நின்றார். பூசாரி வேண்டிக்கொண்டு கிடாவின்மேல் சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி உருண்டு தரைக்கு ஓடியது. கிடா மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்து மென்றது. இன்னொரு சொம்பு. இன்னொரு பூ. குடத்தோடு கவிழ்த்துப் பார்த்தார்கள். கிடா எங்களைப் பார்த்தது. நாங்கள் கிடாவைப் பார்த்தோம்.

"கருப்பா, நம்ம புள்ளைன்னா சொல்லுப்பா!" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். அந்த அம்மாவின் கூப்பிய கை மெல்ல இறங்கியது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பூசாரி கிடாவின் முதுகைத் தொட்டார். கையை முகர்ந்தார். "ஏப்பா, என்னப்பா இது? பணியாரச் சட்டியாட்டம் இருக்குது!"

ஊரே என் பக்கம் திரும்பியது. தண்ணீர் தோலில் பட்டால்தானே சிலுப்பும்? துண்டால் துடைத்துவிடலாம் என்று பாய்ந்து கிடாவைக் கட்டிப் பிடித்தேன். அது சோப்புக் கட்டி மாதிரி நழுவிச் சுனைப் பக்கம் ஓடியது. நானும் ஓடி மாலையைப் பிடித்தேன். கிடா தலையை உருவிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. நான் ஒதுங்கவில்லை. மாலையும் கையுமாகத் தலைகுப்புறச் சுனைக்குள் விழுந்தேன்.

தை மாதத்துச் சுனைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை எங்கள் மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஏறி வந்தபோது மாலை என் கழுத்தில் கிடந்தது. பல் கிடுகிடுக்க, உச்சி முதல் பாதம் வரை உதறி எடுத்தது.

"சிலுப்பிருச்சு!" என்று கத்தினான் சின்ராசு. "சாமி உத்தரவு குடுத்துருச்சுங்கோ!"

ஊர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவிகள் பறந்தன. அந்த அம்மாவோ, சிலுப்பினால் சரி என்று மட்டும் தெரிந்தவர், ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். சிரிப்பு சட்டென்று நின்றது.

"சாமி காரியத்துல பொய் வேண்டாம்" என்றார் பூசாரி. "உள்ளத உள்ளபடி சொல்லு கண்ணு." பூங்கொடி எண்ணெயிலிருந்து சுனை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், மினுமினுத்த கிடாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொன்னார்.

"எங்க பாட்டனாரும் கப்பல்ல இப்படித்தான் நடுங்கிட்டே போயிருப்பாரு. ஆடு சிலுப்பலைன்னா என்ன, எனக்காக ஒருத்தர் தண்ணில உழுந்து நடுங்கறாரே. சொந்தக்காரங்களத் தவிர யாரு இப்படிச் செய்வாங்கன்னு கேக்கறாங்கப்பா" என்றாள் மகள்.

பூசாரி கருப்பனாரைக் கும்பிட்டார். பிறகு திருநீற்றை அள்ளி அந்த அம்மாவின் நெற்றி நிறையப் பூசினார். "மால உழுந்துச்சு, தண்ணி உழுந்துச்சு, சிலுப்பிருச்சு. ஆட்டு மேல வந்தா என்ன, ஆளு மேல வந்தா என்ன? இது நம்ம கோயலுக் கூட்டத்துப் பொறந்தவ. கொட்டடிங்கடா!"

"எல்லாஞ் செரிங்க பூசாரி," என்றான் சின்ராசு. "சிலுப்புனதத்தான வெட்டோணும்? மச்சானப் புடிச்சுக் கட்டட்டுங்களா?"

"எண்ணெய் பாட்டலுக்கு ஒரு பதிலு சொல்லிட்டு அப்பறம் வெட்டுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

அன்றைக்குக் கோழி அடித்துத்தான் பொங்கல் வைத்தோம். கிடா இன்னமும் எங்கள் வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறது. அடைமழையில் நனைந்தாலும் சிலுப்புவதில்லை. என்னை ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். பூங்கொடிக்கு வரன் வந்தபோதுகூடச் சின்ராசு சொம்போடு வந்து நின்றான். "ஜாதகம் எதுக்கு? மச்சான் தலைல ஊத்திப் பாத்தாப் போவுது." தை மாதம் டிரினிடாட்டில் பூஜை போடும்போது போனில் படத்தோடு கூப்பிடுகிறார்கள். அந்தப் பாட்டை இப்போது அர்த்தம் தெரிந்து பாடுகிறார்கள். பாடி முடித்ததும் அந்த ஊர் வெக்கையில் குஞ்சு குளுவான் எல்லாம் வரிசையாக நின்று எனக்காக நடுங்கிக் காட்டுகின்றன. நானும் இங்கே எழுந்து நின்று நடுங்கிக் காட்டுகிறேன். அது குளிர்தான், எனக்குத் தெரியும். அந்தக் குளிரை யார் கொடுத்தது என்றும் எனக்குத் தெரியும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கடல் கடந்து போன நம் சனங்கள் இருக்கும் ஊர்வரைக்கும் போகட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். சுனையிலிருந்து ஏறும்போது நான் 'மே' என்று கத்தினேன் என்று சின்ராசு சேர்த்துச் சொல்வான். கத்தவில்லை. சந்தேகம் இருந்தால் நேரில் வாருங்கள். சாட்சி எங்கள் வீட்டில்தான் கட்டிக் கிடக்கிறது.