எடைமேடையில் ஒரு தமிழ்ச் சீட்டு

எடைச்சீட்டில் தமிழ் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாகவே வந்துகொண்டிருந்தது. எழில்மொழி சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுத் திரையை முறைத்தாள்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அப்துல் வஹாப் வைத்திருந்த எடைமேடைக்கு அவள்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். லாரி மேடை ஏறியதும் எடை திரையில் விழும், சீட்டு அச்சாகும். இங்கிலீஷ் சீட்டைப் படிக்கத் தெரியாமல் டிரைவர்கள் ஆளாளுக்கு வந்து விளக்கம் கேட்டதில் வஹாபுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

"தமிழ்ல அடிச்சுக் குடுத்துடு எழிலு, பேஜாரு வுட்டுச்சு" என்றிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ், யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றக்கூடிய இயங்குதளம். எழிலோ எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து தமிழ் எழுத்துருவை ஏற்றப் போனாள். புதிய அச்சு மென்பொருள் இருந்தால்தான் வருவேன் என்றது அது. அச்சு மென்பொருளோ, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் அடிப்படைத் தொகுப்பு முதலில் புதிதாகட்டும் என்றது. மாமன் உட்காராமல் மச்சான் பந்தியில் உட்காரமாட்டேன் என்கிற கதைதான்.

யார் முதலில் என்று பாராமல் எழுத்துருவைப் பிடித்து உள்ளே தள்ளினாள். திரையிலிருந்த எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிற்று. அதைச் சரிசெய்ய அச்சு மென்பொருளையும் தள்ளினாள். பிரிண்டர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. பழைய அடிப்படைத் தொகுப்புதான் குறுக்கே நிற்கிறது என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பார்த்துவிடலாமே என்று எடுத்தாள்.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டதில் கறுப்புத் திரைதான் மிச்சம்.

வெளியே லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. இரண்டொருவர் எதிர்த்த மேடைக்கு வண்டியைத் திருப்புவதைக் கண்டு வஹாப் உள்ளே ஓடிவந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அஸ்திவாரத்தை உருவிட்டேன் பாய். மாடி எப்டி நிக்கும்?" என்றாள். குரலில் பயத்தைவிட வியப்பே தூக்கலாக இருந்தது.

"மறுபடி கட்டிடு தாயி. எதிர்க்கடைக்குப் போனவன் திரும்பி வரமாட்டான்."

சிடியைக் கொண்டே கம்ப்யூட்டரை எழுப்பி, இந்தத் தடவை அடியிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் அடிப்படைத் தொகுப்பு, அதன்மேல் அச்சு மென்பொருள், கடைசியாக எழுத்துரு. ஒன்றை ஒன்று தேடிப் பிடித்துக்கொள்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது பிரிண்டர் கரகரத்தது. வண்டி எடை, சரக்கு எடை என்று முத்து முத்தாகத் தமிழ். வஹாப் பெருமை தாங்காமல் சீட்டைத் தானே எடுத்துப்போய், வரிசையில் முதலில் நின்ற டிரைவரிடம் கொடுத்தார்.

டிரைவர் அதை உற்றுப் பார்த்தார். பின்வண்டிக்காரரிடம் காட்டினார். அவரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எழுத்து ஜோரா கீது பாய், ஆனா இங்க நிக்கற நாங்க அத்தினி பேரும் நெல்லூர்காரங்க, தெலுங்கு தவுர வேற படிக்க வராது."