மாடித் திராட்சைக்கு நான் செய்த முடிதிருத்தம்

கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பது என்பதில் ஒரு குடும்பம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். என் மனைவி சாந்தா ஒரே ஒருமுறை அசந்துவிட்டாள்.

நாகர்கோவிலில் எங்கள் மொட்டைமாடியில் அவள் திராட்சை வளர்த்தாள். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வரும் ஊரில்! "கம்பம் ஊருல விளையுத சாமானம் இங்க வந்தா கொடி படரும், பழம் வராது கேட்டியா" என்று கொட்டாரத்திலிருந்து அவள் அண்ணன் சொன்னதுதான் வினை. பந்தலுக்கு மேல் பாலித்தீன் கூரை போட்டாள். புள்ளி விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள் (என்னை அப்படிக் கவனித்ததாக நினைவில்லை). மூன்றாம் வருடம் பந்தல் நிறையக் குலை தள்ளியது. அசந்தே போனேன். பழுத்ததும் அண்ணனை வரவழைத்துத் தின்னவைப்பதாக அவள் சபதம்.

காய் பட்டாணி அளவில் இருந்தபோது கருங்கல் ஊரில் அவள் தங்கைக்குப் பிரசவம். கிளம்பும்போது என்னிடம் கத்தரியைத் தந்தாள்.

"குலைக்குப் பாதிக் காயை வெட்டி விடுங்க. நெருக்கிக் கெடந்தா அழுகிப் போவும். இடம் இருந்தாத்தான் மிச்சக் காய் பருக்கும். செய்வியளா?"

"இதென்ன பெரிய வித்தையா?" என்றேன்.

முதல் குலையில் இடப்பக்கம் சற்று அதிகமாகப் போய்விட்டது. சரிக்கட்ட வலப்பக்கம் வெட்டினேன். இப்போது அடி நீண்டு தெரிந்தது. புதிதாகச் சலூன் திறந்தவர் கிருதாவைச் சமன் செய்த கதைதான். மாலைக்குள் பந்தல் முழுக்கக் காம்புகள் தொங்கின. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு குலை தப்பியது. அங்கே ஏற எனக்குப் பயம்.

இரண்டே நாளில் திரும்பி வந்தவள் பந்தலைப் பார்த்தாள். வாளி நிறையக் கிடந்த காய்களைப் பார்த்தாள்.

"பாவி மனுசா!" என்று அழுதேவிட்டாள்.

ஆனால் அவள் சும்மா இருப்பவளா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காயைக் கடித்தாள். மறுநாள் மாங்காய்க்குப் பதில் அதைப் போட்டு மீன்கறி. அப்படி ஒரு ருசி! தப்பிய குலையைத் தானே தொட்டிமேல் ஏறி, ஒரு ஊக்குப்பின் அளவு கத்தரியால் பக்குவம் செய்தாள்.

பழுத்ததும் அண்ணன் வந்தார். நெல்லிக்காய் பருமனில் கறுத்த பழம். ஒன்றைத் தின்றார், அடுத்ததை எடுத்தார். பத்துப் பழம் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"ஏட்டி, நான் தோத்தேன். எனக்கும் நட ஒரு கம்பு வெட்டித் தா. ஆமா, மத்த குலை எல்லாம் எங்க?"

"மீன்கறிக்கு அவிய நறுக்கித் தந்துட்டாவ" என்று என்னைக் காட்டினாள்.

இன்று கொட்டாரத்திலும் பந்தல் இருக்கிறது. காய் பிடித்ததும் வருடம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும்.

"ஏட்டி, குலை திருத்த வா. மாப்பிள்ளையும் வரட்டும், வேண்டாம்னு சொல்லல. கையை மட்டும் கட்டிக் கூட்டிட்டு வா."