மார்ஜரி வீட்டு வெளிச்சம்

டீவியில் வெள்ளிக் காற்சட்டை போட்ட ஒருத்தன் ராட்சதக் கோப்பிக் கோப்பைக்குள்ளிருந்து எழும்பி, விட்டுப்போன காதலிக்காக அழுதுகொண்டிருந்தபோது, மார்ஜரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அடியே, மாதா வாறாங்க. ரோட்டு முடக்குக்கிட்ட வந்துட்டாங்க."

"நம்ம வீடு செவ்வாய்க்கிழமைதானேம்மா?"

"றெக்சன் வீட்டுல கூரை ஒழுகுதாம். இன்னைக்கே இங்க கொண்டாறாங்க. செபக் குரூப்புல போட்டிருக்காராமே றொபின்சன், நீ பாக்கலியா?"

கெத்தரின் பார்க்கவில்லை. காலையிலேயே போனை அணைத்துவிட்டாள். ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நம் நாட்டில் எல்லாரும் தூங்கும்போது நடந்து முடிந்திருந்தது; அதன் பதிவைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தது என்று எவனாவது உளறிவிட்டால் வருஷத்தில் இருக்கிற ஒரே சந்தோஷமும் போய்விடும். கொம்பு வைத்துக்கொண்டு பாடுகிறவர்களும், காற்றாடிக்கு முன்னால் முடி பறக்க நின்று உலக சமாதானம் கேட்கிறவர்களும் அவளுக்கு வேண்டும். அத்தனையும் கோமாளித்தனம், ஆனால் ஒருத்தனாவது வெட்கப்படுகிறானா? மாத்தளையில் தும்முவதற்கே நாலு பேரைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

"சிஸ்டர் ஷிரானியும் கூட வாறாங்களாம்" என்றாள் மார்ஜரி.

கெத்தரின் வாயிலிருந்த கடலையை மெல்லாமல் விழுங்கினாள்.

தேயிலைத் தோட்டத்திலேயே முதல் பட்டதாரி என்று அவளுக்கு மாலை போட்டார்கள். மாலை காய்ந்து குப்பைக்குப் போயும் வேலை வரவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்க ஓர் இடம் இருந்தது. நேர்முகத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் ஷிரானி ஆங்கிலத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வீட்டுல செபமாலை சொல்லுவீங்களா?" என்றுதான் கேட்டார். "ஒவ்வொரு நாளும்" என்று கெத்தரின் கூசாமல் சொன்னாள். "ஒரு நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார் சிஸ்டர்.

அந்த ஒரு நாள் இன்றைக்கு.

மே மாதம் மாதாவின் மாதம். மாதாவின் சிலையான சுரூபம் வீடு வீடாகப் போகும். சுரூபம் வைக்கத்தக்க மேசை இந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அதன்மேல், அப்பா ரபாயேல் கட்டாரிலிருந்து அனுப்பிய, அந்தப் பக்கத்திலேயே பெரிய டீவி நின்றது.

"டீவிய ஓஃப் பண்ணுடி."

ஓஃப் பண்ணினால் மறுபடி போடும்போது வீடியோத் தளத்தின் முகப்புப் பக்கம் வரும். அங்கே வென்றவன் பெரிதாகப் பல்லிளித்துக்கொண்டு நிற்பான். இடையில் நிறுத்தி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அதே கதிதான். ஓடட்டும், பிறகு பின்னுக்கு இழுத்துப் பார்க்கலாம் என்று கெத்தரின் சத்தத்தை மட்டும் அடைத்தாள். புதுக் கட்டில் விரிப்பை எடுத்து டீவியை மூடினாள். லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாதாவுக்குப் பின்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் பார்க்கவே நன்றாக இருந்தது.

அதற்குள் மார்ஜரி நாற்காலிகளில் கிடந்த கடலை, போன், ரிமோட் எல்லாவற்றையும் வாரி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். அந்த லாச்சிக்கு முன்னால் பூச்சாடி வந்தது. மேசைமேல் சுரூபம் ஏறியது. தலையைச் சுற்றி ஒளிவட்ட பல்பு எரிந்தது. வீடு நிறைய ஆட்கள் முழங்காலில் நின்றார்கள்.

முன்னால் றொபின்சன். தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற டீமேக்கர், செபக்குழுத் தலைவர். போன திருநாளில் பேண்டுக்காரர்கள் பைலா டான்ஸ் பாட்டு வாசித்ததற்காக மாதாவை நடுரோட்டில் நிறுத்திவைத்து அவர்களைத் திட்டிய மனுஷன்.

"லைட்ட அணைங்க. மெழுகுதிரி போதும்" என்றார்.

"வேணாம் அங்கிள், மழை இருட்டு" என்றாள் கெத்தரின்.

"மாதாவுக்கு முன்னால என்னா இருட்டு? அணை மகள்."

அணைத்தார்கள். விரிப்பு மெல்ல நீலமாகியது. பிறகு ரோஸ் நிறம். மாதாவுக்குப் பின்னால் நிறங்கள் அலையலையாக நகர்ந்தன.

"மார்ஜரி அக்கா, என்னா இது?" என்று றெக்சனின் மனைவி கிசுகிசுத்தாள்.

"தெரியலியே" என்றாள் மார்ஜரி. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. டீவி அணைந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கெத்தரின் பூவைச் சரிசெய்வதுபோல் மேசைக்குப் பின்னால் கையை விட்டு, தடவிப் பிடித்த பிளக்கை இழுத்தாள். அது ஒளிவட்டத்தின் பிளக். பல்பு அணைந்தது. இப்போது அறையில் மெழுகுதிரியையும் அந்த வெளிச்சத்தையும் தவிர வேறொன்றும் இல்லை.

"கரண்டே இல்லாம எரியுது" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

மறைப்போம் என்று கெத்தரின் எழுந்து மேசைக்கு முன்னால் நின்றாள். அவளுடைய தாவணியின் நிழல் இரண்டு பக்கமும் விரிந்து கூரையில் போய் விழுந்தது.

"சம்மனசு, றெக்கையோட" என்றாள் றெக்சனின் மனைவி. அழ ஆரம்பித்தாள்.

"உக்காரு மகள், மறைக்காத" என்றார் றொபின்சன். "எல்லாரும் கண்ண மூடுங்க. மூன்றாம் மகிமை. பரிசுத்த ஆவி அக்கினி நாவுகளா எறங்கி வந்ததைத் தியானிப்போம்."

அந்த நேரம் பார்த்துத்தான் போட்டியில் ஐரோப்பாவின் வடக்கு நாடு ஏதோ ஒன்று மேடையைக் கொளுத்தியது. விரிப்பு முழுக்கச் செந்நெருப்பு நாக்கு நாக்காக எழும்பியது. கண்ணை மூடியிருந்தவர்கள் இமைக்குள்ளேயே சிவப்பைக் கண்டு திறந்தார்கள். சிஸ்டர் ஷிரானி நெற்றி தரையில் படக் குனிந்தார்.

கெத்தரின் றொபின்சன் பக்கம் நகர்ந்தாள். வேலைக்காக ஒரு பொய் சொன்னாள், சரி. ஊரையே ஏமாற்றுவது வேறு.

"அங்கிள், அது அற்புதம் இல்ல. அது வந்து..."

"செபத்துக்கு நடுவுல பேசக்கூடாது."

"இல்ல அங்கிள், அந்தத் துணிக்குப் பின்னால..."

"படிச்ச புள்ளைங்களுக்கு வாய் அடங்காது" என்றார் அவர், வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "நாலாம் மகிமை."

அன்றைக்கு நாலாம் மகிமையும் ஐந்தாம் மகிமையும் முடிய யுகமாயிற்று. பிறகு மன்றாட்டு மாலை. அதையும் றொபின்சன் இழுத்து இழுத்துச் சொன்னார். கடைசியில் நிறங்கள் ஆடுவதை விட்டு, தூசிபோன்ற பொன் பொழிந்தது. ஏதோ ஒரு நாடு ஜெயித்திருக்கவேண்டும். எது என்று கெத்தரினுக்கு அக்கறையில்லை. திரை இருண்டது.

சிஸ்டர் ஷிரானி எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்தார்.

"நான் ஒன்ன சந்தேகப்பட்டேன் மகள். மாதாவே சொல்லிட்டாங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துடு."

"சிஸ்டர், நான் ஒண்ணு சொல்லணும்."

"இப்ப வேணாம்" என்று நடுவில் புகுந்தார் றொபின்சன். "புள்ள பயந்துபோயிருக்கு. சிஸ்டர், நான் நெனைக்கிறேன், மாதாவ இங்கேயே வச்சு நவநாள் செய்வோம். ஒம்பது நாளும் இந்த வீட்டுலதான்."

"ஆமென்" என்றது கூட்டம்.

ஒன்பது நாள். நாளைக்கு அந்த வெளிச்சம் வராவிட்டால் பாவம் யார் தலையில் விழும்? கெத்தரின் தலையில். வந்தால், என்றைக்காவது ஒருவர் அந்த விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். வேலை கிடைத்த நிமிஷமே அது போகும் வழியும் தெரிந்தது. மார்ஜரி எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கூட்டம் குடை பிடித்துக்கொண்டு இறங்கியது. சிஸ்டரின் ஆட்டோவும் போனது.

கடைசியாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் றொபின்சன். கெத்தரின் வாசலை மறித்து நின்றாள்.

"அங்கிள், நீங்க என்ன பேசவே விடல. நாளைக்கு அது வராது. இன்னைக்கோட முடிஞ்சுபோச்சு."

றொபின்சன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். மார்ஜரி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பாட்டுப் போட்டியில செமிஃபைனல் ரெண்டு இருக்குல்ல, நாளைக்கு மொத செமிஃபைனலப் போடு மகள், துணிய மட்டும் கொஞ்சம் மெல்லிசா பாத்து எடு, இன்னைக்குப் பாதி டான்ஸ் தெரியவே இல்ல."